ஆவாரம்பட்டையும் குரோம்பேட்டையும்

இளவேனில் என்றதும் சரக்கொன்றையையும் வேப்பம்பூவையும் நினைப்பது நம் வழக்கம். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கத்துக் காலிநிலங்களில் சித்திரை வெயிலிலும் மஞ்சளாய் மலர்ந்து நிற்கும் ஆவாரையை நாம் பொருட்படுத்துவதில்லை. ஆயினும் இவ்வட்டாரத்தின் தொழில் வரலாற்றை எழுதப் புகுவோர் அந்தப் புதரிலிருந்தே தொடங்குதல் வேண்டும்.

இலக்கியத்தில் அதன் பெயர் ஆவிரை. கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கும் மலர்களுள் அதுவும் ஒன்று. காதல் கைகூடாத தலைவன் நாணம் துறந்து பனைமடற் குதிரை ஏறியபோது எருக்கோடு ஆவிரையும் அணிந்தான். மக்கள் வழக்கிலோ அது காக்கும் பூ. கொங்கு நாட்டில் வேப்பிலையோடும் சிறுபீளையோடும் சேர்த்துப் பொங்கலுக்குக் காப்புக் கட்டுகிறார்கள். வெயிலில் நடப்போர் அதன் தழையைத் தலையில் வைத்துக்கொள்வர். நீரிழிவுக்குச் சித்த மருத்துவம் தரும் ஆவாரைக் குடிநீரில் கொன்றை, நாவல், மருதம் முதலியன அதனுடன் சேர்கின்றன. 'ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ' என்னும் பழமொழி இவ்வாறு எழுந்ததே.

பூவைவிடப் பட்டைக்கே வணிகத்தில் மதிப்பு மிகுதி. அதிலுள்ள துவர்ப்புப் பொருள் தோலின் புரதத்தோடு பிணைந்து அதை அழுகாமல் காக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு பதனிட்ட சென்னை மாகாணத்துத் தோல்கள் கப்பலேறி லண்டன் சந்தைக்குச் சென்றன. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆல்பிரட் சாட்டர்டன் சென்னையில் குரோம் முறையைச் சோதித்தார். தென்னாப்பிரிக்காவிலிருந்து வாட்டில் பட்டையும் வந்து இறங்கியது. ஆவாரை மெல்லப் பின்தள்ளப்பட்டது. குரோம் தோல் தொழிற்சாலையால் பெயர்பெற்ற குரோம்பேட்டை, அந்த மாற்றத்தை இன்றும் தன் பெயரில் சுமந்து நிற்கிறது.

அன்று தொழிலுக்குப் பட்டை வேண்டியிருந்தது. ஆகவே செடியும் வேண்டியிருந்தது. இன்று வேண்டுவது நிலம் மட்டுமே. 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார்கள் உருவாகத் தொடங்கின. 2006இல் ஸ்ரீபெரும்புதூரில் உற்பத்தியைத் தொடங்கிய நோக்கியா 2014இல் நிறுத்திக்கொண்டது. வேலைவாய்ப்பை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் ஆவாரை வளரும் இடத்திற்குக் கணக்கேடுகள் இட்ட பெயர் தரிசு, புறம்போக்கு என்பதே. பயனற்றது என்று பெயரிட்ட நிலத்தை இழக்க எவரும் வருந்துவதில்லை. செடி எங்கேனும் முளைத்துக்கொள்ளும். அதன் பட்டையையும் தழையையும் அறிந்து பறித்த கைகள் அவ்வாறு முளைப்பதில்லை. குறிஞ்சிப்பாட்டை வகுப்பில் நடத்தும் நம்மைப் போன்றோர், ஒரு நாளேனும் மாணவர்களை அந்தப் புதர்களிடம் அழைத்துச் சென்று பெயர் சொல்லிக் காட்டுதல் நலம்.