‘ஹை ஜொலி’ யார்? ஒரு ஹாஜியாரின் குடும்ப வேர்



உச்சியில் செம்பு ஒட்டகம் நிற்கும் பிரமிட் வடிவக் கல்லறை ஒன்றின் படம் அடிக்கடி நம் குழுக்களில் சுற்றிவருகிறது. “அமெரிக்காவுக்குப் போன முதல் முஸ்லிம்” என்று கீழே எழுதியிருக்கும். படம் உண்மை, எழுதியிருப்பது பிழை. அவருக்கு நூறு வருடத்துக்கு முன்பே, 1730களில், ஐயூபா சுலைமான் என்ற ஆபிரிக்க முஸ்லிம் மேரிலாந்தில் அடிமையாக இருந்தார். கரோலினாவில் அடிமையாக வாழ்ந்த உமர் இப்னு செய்யித் 1831இல் தன் வாழ்க்கையை அரபியிலேயே எழுதிவைத்தார்.

அப்படியானால் கல்லறையில் இருப்பவர் யார்? அரிஸோனாவின் குவார்ட்ஸைட்டில் 1902 டிசம்பர் 16 அன்று மௌத்தான ஹாஜி அலி. ‘ஹாஜி அலி’ அமெரிக்கச் சிப்பாய்களின் வாயில் ‘ஹை ஜொலி’ ஆகிவிட்டது. நம் ஊரிலும் ஹஜ் செய்தவரை ஹாஜியார் என்றே கூப்பிட்டுக் கூப்பிட்டு, பேரப்பிள்ளைகளுக்கு அவருடைய சொந்தப் பெயர் தெரியாமல் போவதுண்டு. அங்கே பட்டமும் பெயரும் சேர்ந்தே உருமாறிவிட்டன.

அவர் அங்கே போனது ஒட்டகங்களால். மேற்குப் பாலைவனத்தில் இராணுவச் சாமான் சுமக்கக் கோவேறு கழுதைகள் போதவில்லை. போர்ச் செயலாளர் ஜெபர்சன் டேவிஸின் திட்டத்துக்கு 1855இல் காங்கிரஸ் 30,000 டொலர் ஒதுக்கியது. ‘சப்ளை’ என்ற கடற்படைக் கப்பல் மத்தியதரைக் கடலுக்குப் போய் ஒட்டகங்களையும் அவற்றைப் பழக்கத் தெரிந்தவர்களையும் ஏற்றிவந்தது. 1856 மே மாதம் டெக்ஸாஸின் இந்தியானோலாவில் 34 ஒட்டகங்கள் இறங்கின. 1857இல் எட்வர்ட் பீல் கொலராடோ ஆறு வரை வண்டிப்பாதை அளக்கப் போனபோது அந்த ஒட்டகங்களை நடத்திச் சென்றவர்களில் முக்கியமானவர் நம் ஹாஜி அலி.

இனி வேர் தேடும் விஷயத்துக்கு வருவோம். கல்லறைப் பலகை, அவர் 1828 அளவில் சிரியாவில் எங்கோ பிறந்தார் என்கிறது. அமெரிக்காவுக்கு வந்த நாள் 1856 பெப்ரவரி 10 என்றும் சொல்கிறது. ஆனால் கப்பல் ஸ்மிர்னாவை, அதாவது இன்றைய இஸ்மிரை, விட்டுப் புறப்பட்டதே அந்த பெப்ரவரி 15இல்தான்! கப்பலின் இரண்டாவது பயணத்தில் வந்த 41 ஒட்டகங்கள் இந்தியானோலாவில் இறங்கிய நாளோ 1857 பெப்ரவரி 10. என் கணிப்பில், ஒரு பயணத்தின் ஆண்டும் மற்றதன் நாளும் கல்லில் கலந்துவிட்டன. நினைவுச்சின்னம் 1935இல், அவர் இறந்து 33 வருடம் கழித்து, நெடுஞ்சாலைத் திணைக்களம் கட்டியது. கல்லில் இருக்கிறது என்பதற்காக அது சாட்சி ஆகிவிடாது.

அதைவிடப் பழைய சான்று 1880ஆம் ஆண்டுக்குரியது. அந்த வருடம் அவர் அமெரிக்கக் குடியுரிமை பெற்றார், டூசோன் நகரில் ஹெர்த்ரூடிஸ் செர்னா என்ற பெண்ணை மணந்தார். குடியுரிமைப் பத்திரத்தில் ஹாஜியும் இல்லை, அலியும் இல்லை. பிலிப் டெட்ரோ என்ற பெயர் இருக்கிறது. தகப்பன் சிரியர், தாய் கிரேக்கர், பிறப்பில் அவர் பிலிப், பின்னர் இஸ்லாத்தைத் தழுவி ஹஜ் செய்து ஹாஜி அலி ஆனார் என்பதே பெரும்பாலும் சொல்லப்படும் வரலாறு. இதை வைத்து “மதம் மாறிவிட்டார்” என்று ஒரு பக்கமும், “கட்டாயத்தால் மாற்றினார்” என்று மறுபக்கமும் பதிவு போடுகிறார்கள். ஒரு பத்திரத்தில் உள்ள பெயரை வைத்து ஒருவரின் ஈமானை அளக்க முடியாது. அவருடைய சகா, ‘கிரீக் ஜோர்ஜ்’ என அறியப்பட்ட ஒட்டகக்காரர், 1867இல் குடியுரிமை பெற்றபோது ஜோர்ஜ் அலன் ஆனார். அவரும் பத்திரத்துக்கென்று வேறு பெயர் எடுத்தவர்தான்.

திருமணத்தில் இரண்டு பெண் பிள்ளைகள். ஆனால் அவர் வீட்டில் தங்கியிருக்கவில்லை. இராணுவத்துக்குச் சுமை கொண்டுபோவதும், பாலைவனத்தில் தங்கம், வெள்ளி தேடுவதுமாகக் காலம் போனது. ஆகவே இந்தக் குடும்பத்தின் தடம் தேடுபவர் குவார்ட்ஸைட் கல்லறையில் தொடங்கினால் வழி அங்கேயே முடிந்துவிடும். டூசோனில், தாயின் செர்னா என்ற பெயரிலும் தகப்பனின் டெட்ரோ என்ற பெயரிலும் தேடவேண்டும். ‘அலி’ என்று தேடினால் ஒட்டகம்தான் கிடைக்கும்.