எடைக்குறைப்பு அறுவைக்குப் பின் சர்க்கரை தாழ்ந்தால்

இரைப்பை பைபாஸ் செய்துகொண்ட சிலருக்கு, பெரும்பாலும் ஓராண்டுக்குப் பின், சாப்பிட்ட 1 முதல் 3 மணி நேரத்தில் வியர்வை, நடுக்கம், படபடப்பு வரும். அதைப் பசி மயக்கம் என்று நாம் நினைத்துவிடுகிறோம். இனிப்பு சிறுகுடலுக்குள் சட்டென இறங்குவதால் இன்சுலின் மிகையாகச் சுரந்து, சர்க்கரை சரிகிறது.

அளவு 70க்குக் கீழே போனால் 15 கிராம் குளுக்கோஸ் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மீண்டும் சோதிக்க வேண்டும். ஏறியதும் முட்டை, வேர்க்கடலை போல ஏதாவது கொடுக்கலாம். பாசத்தில் டம்ளர் டம்ளராகச் சர்பத் கொடுத்தால் அடுத்த சரிவை நாமே வரவழைக்கிறோம். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊட்டக் கூடாது; உடனே ஆம்புலன்ஸ் அழைக்க வேண்டும்.

நோன்பு திறக்கையில் பேரீச்சம்பழமும் ரோஸ்மில்க்கும் சேர்ந்து இறங்குவதும் இதே ஆபத்துதான். இந்த மயக்கம் ஒருமுறை வந்தவர்கூட ரமலானுக்கு முன்பே மருத்துவரிடம் கேட்டுவிட வேண்டும்.