வாய்க்கால் நகரமும் ஒளிப்படக் கருவியும்

விழுப்புரத்திலிருந்தோ திண்டிவனத்திலிருந்தோ புதுச்சேரிக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரப் பேருந்துப் பயணம்தான். நகரின் நடுவே வடக்கு தெற்காகச் செல்லும் பெரிய வாய்க்காலை நீங்கள் பார்த்திருப்பீர்கள், படமும் எடுத்திருக்கலாம். இத்தகைய ஊர்களின் பழைய ஒளிப்படங்களை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதை இங்கே காண்போம்.

நகரம் உருவான வகை

ஒல்லாந்தர் 1693-ஆம் ஆண்டில் புதுச்சேரியைக் கைப்பற்றி 1699 வரை வைத்திருந்தனர். தெருக்கள் செங்கோணத்தில் வெட்டிக்கொள்ளும் நகரமைப்பு அவர்கள் காலத்துத் திட்டத்தில் காணப்படுகிறது. 1761-இல் ஆங்கிலேயர் நகரை இடித்துத் தள்ளினர். பிரெஞ்சுக்காரர் அதனை மீண்டும் கட்டினர். வாய்க்காலுக்குக் கிழக்கே, கடலோரம், ஐரோப்பியர் வாழ்ந்த பகுதி வெள்ளை நகரம் எனவும், மேற்கே தமிழர் வாழ்ந்த பகுதி கறுப்பு நகரம் எனவும் அழைக்கப்பட்டன. வாய்க்காலை ஒட்டிய செஞ்சி சாலை, விழுப்புரம் மாவட்டத்துச் செஞ்சியின் பெயரைத் தாங்கியுள்ளது.

மறைந்துபோன மனிதர்கள்

1839-இல் பாரிசில் டாகேரின் ஒளிப்பட முறை வெளியிடப்பட்டது. அதற்கு முந்திய ஆண்டில் அவர் எடுத்த ஒரு படத்தில், மக்கள் நடமாட்டம் மிகுந்த தெரு வெறிச்சோடிக் கிடக்கிறது. காலணிக்கு மெருகிடச் செய்துகொண்டு அசையாமல் நின்ற ஒருவர் மட்டுமே தெளிவாகத் தெரிகிறார். காரணம் எளிது. ஒளி பல நிமிடங்கள் தகட்டில் விழுந்தால்தான் அன்று படம் பதியும். ஐந்து நிமிடம், அதாவது 300 விநாடி, எனக் கொள்வோம். நடந்து செல்பவர் ஓரிடத்தில் அரை விநாடி இருந்தால், பதிவாக வேண்டிய ஒளியில் 600-இல் ஒரு பங்கே அவரிடமிருந்து அவ்விடத்தில் விழும். சுவரோ முழு நேரமும் ஒளி தரும். எனவே சுவர் பதியும், மனிதர் மறைவார். அலையும் நீர்கூடக் கண்ணாடிபோல் தோன்றும்.

சென்னை அரசின் ஒளிப்படக்காரராக 1856-இல் அமர்த்தப்பட்ட லின்னேயஸ் டிரைப், திருவரங்கம், மதுரை, தஞ்சை முதலிய ஊர்களைப் படமெடுத்தார். 1851-இல் வந்த ஈரக் கொலோடியன் தகட்டை உலருமுன் பயன்படுத்திக் கழுவிவிட வேண்டும். நம் வெயிலில் அது கடினம். முன்கூட்டியே தயாரித்து எடுத்துச் செல்லத்தக்க மெழுகூட்டிய காகிதமே அவருக்குப் பெரிதும் உதவியது. ஆனால் அதில் ஒளி பதியக் கூடுதல் நேரம் பிடிக்கும். ஆகவே அக்காலப் படத்தில் தெரு வெறுமையாக இருந்தால், ஊரில் ஆளில்லை என்று முடிவு செய்துவிடாதீர்கள். சுமை தூக்கியவரும் வண்டி ஓட்டியவரும் நகர்ந்துகொண்டிருந்தனர். அதனாலேயே வரலாற்றுப் பதிவிலிருந்து விடுபட்டனர்.

நீங்கள் செய்யக்கூடியது

இன்றைய கைப்பேசி பகல் வெளிச்சத்தில் நூறில் ஒரு விநாடிக்கும் குறைவான நேரத்தில் படமெடுக்கும். மனிதர் தப்பமாட்டார். காலையில் கிழக்கு வெயில் வாய்க்காலின் மேற்குக் கரை வீடுகளின் முகப்பில் விழும். மாலையில் கிழக்குக் கரை முகப்புகள் துலங்கும். இரு வேளையும் எடுங்கள். நாள், இடம், திசை ஆகியவற்றைக் குறித்து வையுங்கள்.

இது வீண் வேலையன்று. 1871-இல் கட்டப்பட்ட புதுச்சேரி நகர மண்டபம், 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்தது. பழைய தோற்றத்திலேயே மீண்டும் எழுப்பப்பட்டு 2021-இல் திறக்கப்பட்டது. அழிந்த கட்டடம் எப்படி இருந்தது என்று சொல்லப் படங்களும் வரைபடங்களுமே எஞ்சும். ஒரு சாதாரண வீட்டுக்கு அந்தச் சான்றும் இருப்பதில்லை. அதை நீங்கள் தரலாம்.