ஐயம் தோன்றலும் நீங்கலும்: திருக்காவலூர் முனிவரின் உளப்போர் இலக்கியம்

கொள்ளிடத்தின் வடபால், அரியலூர் மாவட்டத்தில் அமைந்த சிற்றூர் ஏலாக்குறிச்சி. முன்பு திருச்சிராப்பள்ளி மாவட்டத்திலும், 1995இல் பெரம்பலூர் மாவட்டம் உருவானபின் அதனிலும் அடங்கியிருந்த இப்பகுதி, 2007 முதல் அரியலூர் மாவட்டத்தைச் சார்ந்தது. இவ்வூரில் அடைக்கல அன்னைக்குக் கோயில் கண்டு, ஊருக்குத் திருக்காவலூர் எனப் பெயர் சூட்டியவர் வீரமாமுனிவர். அடைக்கலம், காவல் என்னும் இரு சொற்களும் பகையஞ்சும் மனிதரை நோக்கியவை. பகையோ புறத்தே மட்டும் நிற்பதன்று. உள்ளத்துள்ளும் நின்று ஆளையே அழிக்க வல்லது. அவ்வுட்பகையைச் சமய நம்பிக்கையால் வெல்லும் நெறி தமிழ்க் காப்பியமாக வடிவுற்ற வரலாறு அறியத்தக்கது.

அந்நெறியின் ஊற்று ஸ்பெயின் நாட்டில் உள்ளது. இயேசு சபையை நிறுவிய இஞ்ஞாசியார் முன்னர்ப் படைவீரர். 1521இல் பம்பலோனாப் போரில் பீரங்கிக் குண்டு அவர் காலை முறித்தது. நோய்ப்படுக்கையில் கிறித்துவின் வரலாற்றையும் அடியார் வரலாறுகளையும் படித்து மனம் மாறிய அவர், 1522இல் மன்ரேசா என்னும் ஊரை அடைந்து தவம் மேற்கொண்டார். ஆங்கு அவரைக் கடுமையான குற்றவுணர்வு பற்றியது. அறிக்கையிட்ட பாவங்களையே மீண்டும் மீண்டும் அறிக்கையிட்டும் அமைதி வாய்க்கவில்லை. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணமும் எழுந்தது. இறைவனுக்கு ஏலாததைச் செய்யேன் என்று கதறி அதனை எதிர்த்து நின்றார். பழைய பாவங்களை இனிக் கிளறுவதில்லை என்று துணிந்தபோதே விடுதலை பெற்றார்.

இப்பட்டறிவிலிருந்து விளைந்ததே 1548இல் திருத்தந்தை மூன்றாம் பவுலின் ஒப்புதல் பெற்ற ‘ஆன்மப் பயிற்சிகள்’. உள்ளம் இருண்டிருக்கும் வேளையில் முன்பு எடுத்த நல்முடிவை மாற்றலாகாது. உட்பகை மறைவையே விரும்புமாதலின் தக்க வழிகாட்டியிடம் மனத்தைத் திறந்து காட்டல் வேண்டும் என்பன அந்நூலின் நெறிகளுள் சில. இயேசு சபைத் துறவியர் அனைவரும் மேற்கொள்ளும் பயிற்சி இது. 1680இல் இத்தாலியிலே பிறந்து, 1698இல் அச்சபை புகுந்து, 1710இல் இந்தியா வந்தடைந்த பெஸ்கி என்னும் வீரமாமுனிவரும் இப்பயிற்சியில் வளர்ந்தவரே.

அவர் தமிழகம் வந்து கற்ற அறநூலில் அடக்கமுடைமை, வெகுளாமை, அவாவறுத்தல் என அகப்பகை வெல்லும் அதிகாரங்கள் முன்னரே இருந்தன. திருக்குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் அவர் இலத்தீனில் பெயர்த்தமை யாவரும் அறிந்ததே. தாம் கொணர்ந்த நெறியும் இம்மண்ணின் அறமும் சந்திக்கும் இடம் உள்ளம் என்பதை உணர்ந்தவர் அவர். வேதியர்க்கென அவர் இயற்றிய ‘வேதியர் ஒழுக்கம்’ என்னும் உரைநூலும், பிறர்க்கு மறை உணர்த்துவோர் முதலில் தம்மைச் செம்மை செய்தல் வேண்டும் என்னும் நோக்கினது.

இவ்வுளநோக்கு முழுமையாக வெளிப்படுவது 1726இல் நிறைவுற்ற தேம்பாவணியில். 3 காண்டங்களும் 36 படலங்களும் 3615 பாடல்களும் கொண்ட இப்பெருங்காப்பியத்தின் தலைவன் வளன் எனப்படும் சூசை. கருவுற்ற மரியாளைக் குறித்து அவனுக்கு எழுந்த ஐயத்தை மத்தேயு நற்செய்தி சில வசனங்களிலேயே முடித்துவிடுகிறது. நேர்மையாளனாதலின் அவளை இகழ்ச்சிக்கு உள்ளாக்க விரும்பாது மறைவாக விலக்கிவிட எண்ணினான். கனவில் வானவன் தோன்றித் தெளிவித்தான் என்பதே அங்குள்ள செய்தி. முனிவரோ இதனை ‘ஐயந்தோற்று படலம்’, ‘ஐயநீங்கு படலம்’ என இரு படலங்களாக விரித்தார்.

காப்பியத் தலைவன் ஐயத்தில் அலைவுறுதல் அவனுக்கு இழுக்காகாதோ என வினவலாம். ஆகாது என்பதே இவ்வமைப்பு தரும் விடை. ஐயம் தோன்றுதல் பாவமன்று. அது தூண்டும் கொடுஞ்செயலுக்கு இசைதலே வீழ்ச்சி. வளன் துன்புற்றான், ஆயினும் சினத்துக்கு இடந்தரவில்லை, பழி தூற்றவில்லை. அவனது பொறுமையே தெளிவு வந்து சேரும் வரை அவனைக் காத்தது. தெளிவு தன் முயற்சியால் மட்டும் வருவதன்று, அருளாலும் வருவது என்பது கிறித்தவ நம்பிக்கை. ஆயினும் அருள் வரும்வரை காத்திருத்தல் மனிதன் கடமை. மன்ரேசாவில் இஞ்ஞாசியார் கற்ற பாடமும் இதற்கு அயலன்று.

புறப்போர் பாடுதல் தமிழுக்குப் புதிதன்று. தன்னோடு தானே பொரும் ஒருவனை, வாளேந்தாத தச்சன் ஒருவனை, காப்பியத் தலைவனாக்கி அவன் உள்ளக் கலக்கத்துக்குத் தனிப் படலம் வகுத்தது முனிவரின் கொடை. துயரில் ஆழ்ந்த நெஞ்சுக்கு அறிவுரையினும், தன்னைப் போலவே கலங்கிப் பின் தெளிந்த ஒருவனின் கதை துணையாகும். அத்துணையை ஆக்கித் தரும் பொறுப்பு இன்று கவிபுனைவோர் யாவர்க்கும் உரியது.