பதினைந்துக்கும் ஐம்பதுக்கும் நடுவே: தில்லியில் பழைய கார்களின் கதை

தெற்குத் தில்லியில் ரிங் ரோட்டை ஒட்டி, ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்கும் சவுத் எக்ஸ்டென்ஷனுக்கும் நடுவே அமைந்த மத்திய அரசு ஊழியர் குடியிருப்பு கிட்வாய் நகர். சுதந்திர இந்தியாவின் முதல் தகவல் தொடர்பு அமைச்சர் ரஃபி அகமது கிட்வாயின் பெயர் அதற்கு வைக்கப்பட்டது. தலைநகருக்கு வேலைக்கு வந்த தமிழ்க் குடும்பங்கள் வாழ்ந்த வட்டாரங்களில் இதுவும் ஒன்று. பக்கத்து லட்சுமிபாய் நகரில் தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளி இருக்கிறது. பழைய காரை வாங்கி வீட்டிலேயே பிரித்து, குடும்பமாகச் சீர் செய்யும் பழக்கம் இதுபோன்ற குடியிருப்புகளில் எப்படி வேர் பிடித்தது என்று பார்த்தால், அதன் தொடக்கம் பொழுதுபோக்கு அல்ல, கார்ப் பஞ்சம்.

1950களிலிருந்து மூன்று நிறுவனங்களின் கார்களே இந்தியச் சாலைகளை ஆண்டன. கல்கத்தாவுக்கு அருகே உத்தர்பாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் அம்பாசிடரைச் செய்தது. பம்பாயில் பிரீமியர் நிறுவனம் ஃபியட் 1100-ஐச் செய்தது. அதுவே 1970களில் பத்மினி என்று பெயர் மாறியது. சென்னையின் ஸ்டாண்டர்டு நிறுவனம் ஹெரால்டைத் தந்தது. உற்பத்திக்கு உரிமம், விலைக்குக் கட்டுப்பாடு, விற்பனைக்கு 1959-ஆம் ஆண்டின் விநியோகக் கட்டுப்பாட்டு ஆணை என்று எல்லாமே அரசின் கையில். ஃபியட்டுக்குப் பதிந்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அதனால் ஓடிய ஃபியட் புதியதைவிடக் கூடுதல் விலைக்கு விற்ற விசித்திரமும் நடந்தது. அலுவலகத்தில் கார் முன்பணம் வாங்கி, மாதச் சம்பளத்தில் தவணையாகக் கட்டும் ஊழியருக்கு, காத்திருக்காமல் கைக்கு எட்டியது பல ஆண்டு ஓடிய இரண்டாம் கை கார்தான்.

வாங்கிய காரை ஓட்டியதைவிடப் பழுது பார்த்த நேரமே அதிகம் என்றுகூடச் சொல்லலாம். கார்புரேட்டரைக் கழற்றித் துடைப்பது, பிளாட்டினம் பாயின்டைத் தேய்ப்பது, பேட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டர் ஊற்றுவது எல்லாம் ஞாயிற்றுக்கிழமை வீட்டு வேலைகள். ஸ்பேனரை எடுத்துக் கொடுத்த பிள்ளைகள் அப்படியே வேலையையும் கற்றார்கள். ஆணி, போல்ட், நட்டுக்குக் கோட்லா முபாரக்பூர் நடந்து போகும் தூரம். புது உதிரிபாகத்துக்கு காஷ்மீரி கேட், உடைத்த வண்டியின் பாகத்துக்கு மாயாபுரி. சென்னைக்காரருக்கு இந்த மாயாபுரியைப் புதுப்பேட்டை என்று சொன்னால் போதும்.

பழைய காருக்குக் கௌரவம் கிடைத்தது வேறு பக்கத்திலிருந்து. 1964-இல் ஸ்டேட்ஸ்மன் நாளிதழ் தில்லியில் பழங்கால கார்களின் ஊர்வலப் போட்டியைத் தொடங்கியது. மகாராஜாக்களும் வணிகக் குடும்பங்களும் வைத்திருந்த ரோல்ஸ் ராய்ஸ்களைப் பார்க்கக் கூட்டம் கூடியது. ஆனால் அது செல்வந்தர் உலகம். அரசுக் குடியிருப்பின் ஃபியட்டை அன்று யாரும் பாரம்பரியம் என்று எண்ணவில்லை.

1983 டிசம்பர் 14 அன்று முதல் மாருதி 800-இன் சாவியை இந்திரா காந்தி தில்லிவாசி ஒருவரிடம் கொடுத்தார். கிட்வாய் நகருக்கு அதிக தூரமில்லாத கிரீன் பார்க்கில் வசித்த இந்தியன் ஏர்லைன்ஸ் ஊழியர் அவர். தம் ஃபியட்டை விற்று இதை வாங்கினார். டிஐஏ 6479 என்ற எண் கொண்ட அந்தக் காரை 2010-இல் இறக்கும் வரை அவர் கைவிடவில்லை. பிறகு அது தெருவோரம் துருப்பிடித்து நின்றது. கடைசியில் மாருதி நிறுவனமே எடுத்துப் புதுப்பித்துத் தன் தலைமையகத்தில் வைத்திருக்கிறது. எல்லாப் பழைய காருக்கும் இந்த அதிர்ஷ்டம் அமையாது.

மாருதி வந்தபின் ஃபியட்டும் அம்பாசிடரும் விலை குறைந்தன. 2000-க்குப் பிறகு பழைய கார் வணிகம் இணையத்துக்கு மாறியது. முன்பு ஞாயிற்றுக்கிழமை நாளிதழின் வரி விளம்பரத்தைத் தேடிய குடும்பம் இப்போது ஓஎல்எக்ஸ் போன்ற தளங்களில் படம் பார்த்து வண்டியைத் தேர்ந்தெடுக்கிறது. ஓடாத வண்டியும் விற்கும்; அதற்கு ‘புராஜெக்ட் கார்’ என்று பெயர். அரசுத் துறைகள் கழித்துவிட்ட வாகனங்களும் எம்எஸ்டிசி போன்ற அமைப்புகளின் மின் ஏலத்தில் வருகின்றன.

படத்தில் தெரியாதது துரு. விவரம் தெரிந்தவர்கள் நேரில் போகும்போது சட்டைப் பையில் ஒரு காந்தம் வைத்திருப்பார்கள். கதவின் கீழோரத்தில் அது ஒட்டாவிட்டால் அங்கே தகரம் போய்விட்டது, பட்டி மட்டுமே நிற்கிறது என்று அர்த்தம். பிறகு மிதியடியைத் தூக்கித் தரைத் தகட்டைத் தட்டிப் பார்க்க வேண்டும். பத்மினியில் ஸ்டியரிங்கை ஒட்டிய கியர் கம்பி ஆடுகிறதா என்பதும் முக்கியம்; புஷ் தேய்ந்திருந்தால் கியர் விழாது. எஞ்சினை லேத் பட்டறைக்கு அனுப்பி போர் செய்து, புது பிஸ்டன் போட்டுவிடலாம். டிங்கரிங் வேலைதான் பணத்தையும் மாதங்களையும் விழுங்கும். கண்ணாடியைச் சுற்றும் ரப்பர் பீடிங், உள் கைப்பிடி, வண்டியின் பெயர் எழுதிய பட்டை போன்றவற்றுக்குத்தான் அலைச்சல் அதிகம்.

2014 நவம்பரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 15 ஆண்டு கடந்த வாகனங்கள் தில்லியில் ஓடக்கூடாது என்றது. 2015-இல் டீசல் வண்டிக்கு 10 ஆண்டு என்று வரம்பு வைத்தது. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்தது. தடையில்லாச் சான்று பெற்றுப் பல வண்டிகள் பிற மாநிலங்களுக்குப் போயின. இணைய விளம்பரங்களில் தில்லிப் பதிவு கார்கள் மலிவாகக் கிடைப்பதற்கு இதுவே காரணம். 2025 ஜூலை 1 முதல் வயது வரம்பு கடந்த வண்டிகளுக்கு எரிபொருளே போடக்கூடாது என்ற உத்தரவும் வந்து, எதிர்ப்பால் சில நாட்களிலேயே நிறுத்திவைக்கப்பட்டது. இந்தத் தடைகள் வரத் தொடங்கிய காலத்தில் கிழக்குக் கிட்வாய் நகரின் பழைய வீடுகளும் இடிக்கப்பட்டன. சுமார் 86 ஏக்கரில் என்பிசிசி நிறுவனம் 4,600-க்கும் மேற்பட்ட அடுக்குமாடி வீடுகளைக் கட்டியது. மரத்தடியில் வண்டியைப் பிரித்துப் போடும் வசதி அத்துடன் போயிற்று.

2021 ஜூலையில் மத்திய அரசு பழங்கால வாகனங்களுக்கெனத் தனி விதிகளை வெளியிட்டது. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த, வணிகப் பயன்பாட்டில் இல்லாத வண்டிக்கு ‘விஏ’ எழுத்துடன் தனி எண் கிடைக்கும். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000. செல்லுபடி 10 ஆண்டு. சேஸியும் பாடியும் எஞ்சினும் பெரிய மாற்றமின்றி அசலாக இருக்க வேண்டும். கண்காட்சி, ஊர்வலம் போன்றவற்றுக்கு ஓட்டலாம். தினமும் ஆபீஸ் போக முடியாது.

நல்ல விதிதான், ஆனால் இடையில் ஓர் ஓட்டை இருக்கிறது. தில்லியில் 15 வயதில் தெருவைவிட்டு இறக்கப்பட்ட பெட்ரோல் கார், 50 வயதில் கௌரவம் பெறும் வரை 35 ஆண்டு எங்கே நிற்கும்? உடைத்து எடைக்குப் போடாமல் தில்லியிலேயே பாதுகாப்பவருக்கு இந்த இடைவெளியில் சட்டம் தெளிவான வழி காட்டவில்லை. இணையத்தில் தில்லி வண்டி வாங்குவோர் முன்பணம் கொடுக்கும் முன் பதிவுச் சான்றிலுள்ள சேஸி எண்ணும் எஞ்சின் எண்ணும் வண்டியில் பொறித்ததோடு பொருந்துகின்றனவா, தடையில்லாச் சான்று கிடைக்குமா, பழைய கடன் அடைக்கப்பட்டதா என்று பார்த்துவிட வேண்டும். 1974-இல் பதிவான ஃபியட்டுகள் 2024-இல் ஐம்பதைத் தொட்டுவிட்டன. முதல் ஆண்டு மாருதிகளின் முறை 2033 டிசம்பரில்தான் வரும்.