முதல் அத்தியாயம் கிழிந்த நாய்கள்

1860-ஆம் வருஷம் லண்டன் பட்டணத்தில் ஒரு அம்மாள் செய்த காரியத்தைக் கண்டு ஊர் சிரித்தது. மேரி டீல்பி என்பது அவள் பெயர். கணவனைப் பிரிந்து வந்து, தகப்பனாரோடும் பாதிரியாரான சகோதரனோடும் இஸ்லிங்டன் பகுதியில் வசித்து வந்தாள். வயது அறுபதை நெருங்கிக்கொண்டிருந்தது. ஒரு நாள் ஸாரா மேஜர் என்ற சிநேகிதியைப் பார்க்கப் போனாள். தெருவில் பட்டினியால் சுருண்டு கிடந்த ஒரு நாயை அந்தச் சிநேகிதி வீட்டுக்குத் தூக்கி வந்து சமையலறையில் கிடத்தியிருந்தாள். இருவருமாக அதற்கு என்னென்னவோ பணிவிடை செய்து பார்த்தார்கள். நாய் பிழைக்கவில்லை.

செத்துப்போன அந்த ஒரு நாய்க்காக டீல்பி அம்மாள் ஹாலோவே பகுதியில் குதிரை லாயங்களை வாடகைக்குப் பிடித்தாள். ‘காணாமற்போன, பட்டினி கிடக்கும் நாய்களுக்கான தற்காலிக இல்லம்’ என்று பெயர் வைத்தாள். ‘டைம்ஸ்’ பத்திரிகை கேலி செய்தது. ஜீவகாருண்யம் முற்றிப்போய்ப் பைத்தியமாக மாறிவிட்டது என்ற தோரணையில் எழுதியது. மனிதர்களுக்கே வீடில்லாத ஊரில் நாய்க்கு வீடா என்ற கேள்வி யாருக்குத்தான் எழாது? கேட்டவர்களைக் குற்றம் சொல்ல மாட்டேன்.

இரண்டு வருஷத்துக்குப் பிறகு, 1862-இல், டிக்கன்ஸ் நடத்திவந்த ‘ஆல் தி இயர் ரவுண்டு’ பத்திரிகையில் கையெழுத்தில்லாத ஒரு கட்டுரை வெளிவந்தது. இஸ்லிங்டனில் நடந்த ஆடம்பரமான நாய்க் கண்காட்சியையும், அதற்குச் சற்றுத் தள்ளி ஹாலோவேயில் இருந்த இந்தப் பஞ்சைகளின் கூட்டத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டியது. அதன் பிறகு ஊர் சிரிப்பதை ஓரளவு நிறுத்திக்கொண்டது. டீல்பி அம்மாள் 1865-இல் காலமானாள். இல்லம் 1871-இல் பாட்டர்ஸீக்கு இடம் மாறியது. 1885-இல் விக்டோரியா மகாராணியே அதன் போஷகரானாள். இன்றும் அது நடந்து வருகிறது.

இப்போதெல்லாம் விடுதி நாயை வாங்கி வளர்ப்பதில் உள்ள சங்கடங்களைப் பற்றி மேல்நாட்டில் புத்தகம் புத்தகமாக எழுதுகிறார்கள். வந்த மறுவாரமே நோய் கண்டுவிடுகிறது. குடையைக் கண்டால் மேஜைக்கடியில் ஒளிகிறது. ஆண் குரல் கேட்டால் உறுமுகிறது. தனியே விட்டால் கதவைப் பிராண்டித் தீர்க்கிறது. ஏதோ நேற்று முளைத்த சங்கடங்கள் போல் சொல்கிறார்கள். பாட்டர்ஸீயின் சரித்திரத்தைப் புரட்டினால் இவற்றுக்கெல்லாம் பழைய வேர் இருப்பது தெரிகிறது.

நம் வீடுகளில் பத்திரிகைத் தொடர்கதைகளைக் கிழித்துச் சேர்த்து பைண்டு செய்து வைக்கும் வழக்கம் உண்டு. பழைய புத்தகக் கடையில் அப்படி ஒன்றை ஆசையாக வாங்கி வந்து பிரித்தால், முதல் பத்து அத்தியாயத்தைக் காணோம்! கதாநாயகி எதற்காக அழுகிறாள், அந்தக் கிழவரைக் கண்டு ஏன் ஓடுகிறாள், ஒன்றும் விளங்காது. விடுதி நாய் அப்படிப்பட்ட புத்தகம். விற்கிறவருக்கும் முன் கதை தெரியாது. கதை அறிந்த நாயோ சொல்லாது.

முதலில், அது யாருடைய நாய் என்பதே தெரியாது. அந்தக் காலத்து லண்டனில் நாய் திருடுவது ஒரு முறையான தொழிலாக நடந்தது. பெரிய வீட்டுச் செல்ல நாயைத் தூக்கிக்கொண்டு போய் வைத்துக்கொண்டு, ஆள் மூலம் விலை பேசுவார்கள். கவி எலிஸபெத் பாரெட் வளர்த்த ‘ஃப்ளஷ்’ என்ற ஸ்பானியல் நாய் மூன்று முறை களவு போயிற்று. மூன்றாம் முறை 1846 செப்டம்பரில். திருடனுக்குப் பணம் அழக்கூடாதென்று தகப்பனார் தடுத்தும் கேளாமல், அவள் வண்டியேறித் திருடர் பேட்டைக்கே போய்ப் பேசினாள். கடைசியில் ஆறு கினி கொடுத்து நாய் மீண்டது. (அதே மாதத்தில்தான் அவள் தகப்பனாருக்குத் தெரியாமல் ராபர்ட் பிரௌனிங்கைக் கல்யாணம் செய்துகொண்டாள். தைரியம் எங்கே பழகிற்று என்று ஆராய்ச்சிக்காரர்கள் யோசிக்கலாம்.) நாய்த் திருட்டைத் தண்டிக்க 1845-இலேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. இப்படிப்பட்ட ஊரில், தெருவில் அகப்பட்ட நாயை விடுதியிலிருந்து வாங்கிப் போகிறவன், மறுநாள் பழைய எஜமான் வாசலில் வந்து நிற்க மாட்டான் என்று எப்படி நிம்மதியாக இருக்க முடியும்?

இதற்குச் சட்டம் ஒரு வழி கண்டது. 1867-இல் வந்த லண்டன் தெருக்கள் சட்டப்படி, போலீஸார் தெரு நாயைப் பிடித்து மூன்று நாள் வைத்திருக்கலாம். உரியவர் வராவிட்டால் விற்கலாம், அல்லது கொன்றுவிடலாம். போலீஸ் பிடித்த நாய்களெல்லாம் டீல்பி அம்மாளின் இல்லத்துக்கு வந்து குவியத் தொடங்கின. அன்போடு ஆரம்பித்த இடம் சர்க்கார் கிடங்காயிற்று. வாங்க ஆள் வந்த நாய்கள் சில. வராதவை பல்லாயிரம். 1884-இல் பெஞ்சமின் வார்ட் ரிச்சர்ட்ஸன் என்ற வைத்தியர் அந்த இல்லத்துக்கென்றே ஓர் அறை கட்டிக் கொடுத்தார். குளோரோபாரமும் விஷவாயுவும் கலந்து, வலியில்லாமல் நாய்களைச் சாகடிக்கும் அறை. அவர் கொடுமைக்காரர் அல்ல. இருந்த வழிகளில் அதுவே கருணையான வழி என்று மனசாரக் கருதிச் செய்தார்.

இதை நினைவில் வைத்துக்கொள்ளாமல் விடுதிக்காரர்களைக் குறை சொல்வது நியாயமாகாது. “நாயின் குணத்தை நன்றாகப் பார்த்துக் கொடுத்திருக்கக் கூடாதா?” என்று கேட்பது சுலபம். பார்ப்பதற்கு அவகாசம் வேண்டாமா? மூன்று நாளில் என்ன தெரியும்? பயந்த நாய் சாது போல் மூலையில் கிடக்கும். பசித்த நாய் யாரைக் கண்டாலும் வாலாட்டும். நாலாம் நாள் வாங்க வந்தவரிடம் உள்ளதைச் சொல்லித் தயங்கினால், நாய் போகவேண்டிய இடம் அந்த அறை. பெண் பார்க்க வந்த இடத்தில் தரகர் சற்றுக் கூட்டிச் சொல்வது போல், ‘நல்ல நாய், ஐயா’ என்று சொல்லத்தான் தோன்றும். விடுதியின் தொல்லைகள் எல்லாம் அவகாசம் இல்லாததால் வந்தவை என்பது என் அபிப்பிராயம். 1906-ஆம் வருஷத்துச் சட்டம் மூன்று நாளை ஏழு நாளாக்கியது. நாலு நாள் கூடுதல், அவ்வளவே.

ஏழு நாளுக்கும் அகப்படாத விஷயம் நோய். டிஸ்டெம்பர் கண்ட நாய், விஷம் உடம்பில் புகுந்த சில நாள் வரையில் துள்ளி விளையாடும். பல தெருக்களின் நாய்கள் ஒன்றாக அடைபட்ட இடத்தில் அந்தத் துள்ளலை நம்ப முடியாது. வீட்டுக்கு வந்து, குழந்தைகள் பெயர் வைத்துக் கூப்பிடப் பழகிய பிறகுதான் மூக்கு ஒழுகும். பிறகு ஜுரம், வலிப்பு. மருந்து கிடையாது. அதற்குக் காரணமான கிருமியை 1905-இல் ஹென்றி காரே என்ற பிரெஞ்சுக்காரர் கண்டுபிடித்தார். ‘தி ஃபீல்டு’ என்ற வேட்டைப் பத்திரிகை 1923-இல் நிதி திரட்ட, லெய்ட்லா, டன்கின் என்ற இருவர் லண்டனை அடுத்த மில் ஹில்லில் ஆராய்ச்சி செய்து சில வருஷங்களில் தடுப்பு மருந்து கண்டார்கள். சோதனைக்கு ஃபெரெட் என்ற, கீரியைப் போன்ற பிராணியை உபயோகித்தார்கள். அந்த அனுபவம் கைகொடுக்க, 1933-இல் அதே ஃபெரெட்டுகளைக் கொண்டு மனிதனின் இன்புளூயன்ஸாக் கிருமியையும் கண்டுபிடித்தார்கள். நாய்க்கு மருந்து தேடப் போனவர்கள் மனிதனின் வியாதிக்கு வழி கண்டதைப் பார்த்தால், ‘டைம்ஸ்’ ஆசிரியர் என்ன எழுதியிருப்பாரோ!

வெறிநோய் இதைவிடப் பயங்கரம். கடிபட்ட நாய்க்குள் வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் ஒளிந்திருக்கும். பாட்டர்ஸீ இல்லமே வெறிநோயை ஊருக்குப் பங்கிட்டுக் கொடுக்கிறது என்று எதிரிகள் கூச்சல் போட்டதுண்டு. 1897-இல் வால்டர் லாங் என்ற மந்திரி, நாய்களுக்கு வாய்க்கூடை போட வேண்டுமென்ற உத்தரவைக் கண்டிப்பாக அமல் நடத்தினார். நாய்ப் பிரியர்கள் அவரைத் திட்டித் தீர்த்தார்கள். ஆனால் 1902-க்குள் இங்கிலாந்தில் வெறிநோய் ஒழிந்தது. பிறகு 1918-இல் யுத்தத்திலிருந்து திரும்பியவர்கள் ரகசியமாகக் கொண்டுவந்த நாய்களோடு மறுபடி நுழைந்து, 1922 வரையில் ஆட்டி வைத்தது.

வாங்க வருகிறவரை நம்பலாமா என்பது விடுதிக்காரர்களின் கவலை. உயிருள்ள நாயை அறுத்துச் சோதிக்கும் ஆராய்ச்சிக்கூடங்களுக்கு நாய்கள் தேவைப்பட்ட காலம் அது. 1903-இல் லண்டன் யூனிவர்ஸிடி காலேஜில் ஒரு பழுப்பு நிற டெரியர் மாணவர்களின் முன்னிலையில் அறுக்கப்பட்டது பெரிய வழக்காகி, பேராசிரியர் பேலிஸ் மான நஷ்டமாக 2,000 பவுன் வென்றார். எதிர்ப்பாளர்கள் 1906-இல் அந்த நாய்க்குப் பாட்டர்ஸீயில் சிலையே வைத்தார்கள். மறு வருஷம் மருத்துவ மாணவர்கள் கலகம் செய்தார்கள்; 1910-இல் சிலை அகற்றப்பட்டது. 1906-ஆம் வருஷத்துச் சட்டத்தில், பிடிபட்ட தெரு நாயை அந்தச் சோதனைக்கு விற்கவோ கொடுக்கவோ கூடாது என்று ஒரு விதி எழுதியிருப்பது தற்செயல் அல்ல. இன்று விடுதியில் நாய் கேட்கப் போனால், ‘வீட்டில் எத்தனை பேர், தோட்டம் உண்டா, பகலில் யார் இருப்பார்கள்’ என்று கேட்கிறார்களே என்று சிலர் முகம் சுளிக்கிறார்கள். சுளிக்க வேண்டாம். கேள்வி கேட்காமல் கொடுத்த காலத்தின் கதை இது.

குணத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 1917-இல் ரிச்சர்ட்ஸன் என்ற மற்றொருவர், இவர் ராணுவ அதிகாரி, ஷூபரினஸ் என்ற கடலோர ஊரில் போர் நாய்ப் பள்ளிக்கூடம் நடத்தினார். குண்டு மழைக்கு நடுவே கடிதம் கொண்டு போக நாய்கள் வேண்டும். முதலில் பாட்டர்ஸீயிலிருந்தே எடுத்துக்கொண்டார். மரண அறையின் வாசலில் நின்ற நாய்கள் பிரான்ஸ் தேசத்துப் பதுங்கு குழிகளுக்குத் தபால் கொண்டு போயின! ஆனால் அவர் கண்ணில் பட்டதையெல்லாம் எடுக்கவில்லை. முதுகுக்கு மேல் சுருண்ட வாலுள்ள நாய் பெரும்பாலும் உதவாது என்பது அவர் கண்ட விதிகளில் ஒன்று. வேடிக்கையாக இருக்கலாம். முன் கதை இல்லாத நாயிடம் படிக்கக் கிடைப்பது வாலும் கண்ணும்தானே? எடுத்தவற்றை வாரக்கணக்கில் கூட வைத்துப் பழக்கினார், அடிக்காமல் பழக்கினார்.

வால் சாஸ்திரத்துக்கும் எட்டாத ஒன்றை 1961-இல் அமெரிக்காவில், பார் ஹார்பர் என்ற ஊரின் ஆராய்ச்சிக்கூடத்தில் கண்டார்கள். வேலி அடைத்த வெளியில், மனித சம்பந்தமே இல்லாமல் குட்டிகளை வளர்த்தார்கள். இரண்டாம் வாரம், மூன்றாம் வாரம், ஐந்து, ஏழு, ஒன்பது என்று ஒவ்வொரு கூட்டத்தை ஒரு வாரம் மட்டும் எடுத்துக் கொஞ்சிப் பழகிவிட்டுத் திருப்பி விட்டார்கள். சில குட்டிகளைப் பதினாலு வாரம் வரை தொடவே இல்லை. அந்தக் குட்டிகள் பிறகு எவ்வளவு சோறு போட்டும், தடவிக் கொடுத்தும், மனிதனைக் கண்டு காட்டு மிருகம் போல் மிரண்டன. ‘அன்பு செலுத்தினால் எல்லாம் சரியாகிவிடும்’ என்று நினைத்து விடுதி நாயை வாங்கி வருகிற நல்லவர்கள் இதை அறிந்து கொள்வது நலம். சில நாய்களுக்கு அந்த முதல் மூன்று மாதம் திரும்பி வராது. நன்றி கெட்ட நாய் என்று அதை வைவதில் பிரயோஜனமில்லை. அதற்கு நாம் யாரென்றே தெரியாது.

முன் கதை தெரிந்து கொடுத்தாலும் சங்கடம் தீர்ந்துவிடுமா? 2004-இல் பாட்டர்ஸீயில் ஒரு விசித்திரம் நடந்தது. காலையில் வந்து பார்த்தால் பல நாய்கள் கூண்டுக்கு வெளியே உலாவிக்கொண்டிருந்தன, தீனி காலியாகியிருந்தது, இடம் அமர்க்களப்பட்டுக் கிடந்தது. இரவில் யார் திறந்துவிடுகிறார்கள் என்று தெரியாமல் திண்டாடி, ஒளிப்படக் கருவிகளைப் பொருத்தினார்கள். அகப்பட்டது ‘ரெட்’ என்ற லர்ச்சர் நாய். பல்லால் தாழ்ப்பாளை நீக்கித் தன் கூண்டிலிருந்து வெளியே வந்து, பிறகு மற்ற நண்பர்களின் கூண்டுகளையும் திறந்துவிட்டு, எல்லோருமாகத் தீனி அறைக்குப் போயிருக்கிறார்கள். செய்தி பத்திரிகைகளில் வந்ததும் அந்த நாய்தான் வேண்டுமென்று நூற்றுக்கணக்கானவர்கள் கேட்டார்கள். பூட்டைத் திறக்கத் தெரியும் என்று தெரிந்தே கேட்டார்கள்.