ராஜா தெரு, ராணி தெரு, நடுவுல ஒரு ஷாப்பிங்

கரீபியன் பக்கம் உல்லாசக் கப்பல்ல போய் வந்தவங்ககிட்ட கேட்டுப் பாருங்க, பாதிப் பேராவது செயின்ட் தாமஸ்ல இறங்கியிருப்பாங்க. அமெரிக்க வர்ஜின் தீவுகள்ல இது ஒண்ணு. மொத்தமே சுமார் 80 சதுர கிலோமீட்டர். தலைநகர் பேரு சார்லட் அமாலி. கப்பல் விட்டு இறங்கினா ரெண்டு வேலைதான் எல்லாரும் செய்வாங்க. ஒண்ணு, வண்டியில ஏறி மலை மேல போய் ஃபோட்டோ எடுக்கிறது. ரெண்டாவது, கீழே வந்து மெயின் ஸ்ட்ரீட்ல நகை, வாட்ச், செண்ட், பாட்டில்னு வாங்கித் தள்ளுறது. நாங்களும் அதையேதான் செஞ்சோம். ஆனா அந்தத் தெருவுல நடந்தப்போ, மாயவரத்துக்காரனான எனக்கு வேற ஒரு ஊர் ஞாபகம் வந்துடுச்சு. அதைத்தான் இங்கே எழுதப் போறேன். கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கோங்க.

முதல்ல சுற்றுலாவைச் சொல்லிடறேன். லாரி மாதிரி வண்டி, பின்னாடி வரிசையா பெஞ்ச், மேல ஒரு கூரை, பக்கவாட்டுல ஒண்ணும் கிடையாது. இதுக்குப் பேரு சஃபாரி டாக்ஸி. ஓட்டுறவர்தான் கைடும். ஒரு கையில ஸ்டியரிங், ஒரு கையில மைக். அமெரிக்காவோட ஆட்சியில இருந்தாலும் இங்கே நம்ம ஊர் மாதிரி இடது பக்கம்தான் வண்டி ஓடுது. ஆனா வண்டி எல்லாம் அமெரிக்க வண்டி, ஸ்டியரிங்கும் இடது பக்கமே! கொண்டை ஊசி வளைவுல எதிர்ல இன்னொரு சஃபாரி வந்தா தங்கமணி கண்ணை இறுக்க மூடிக்கிட்டாங்க.

டிரேக்ஸ் ஸீட்னு ஒரு இடத்துல நிறுத்தினார். கீழே மேகன்ஸ் பே, அப்படி ஒரு நீலம். பிரான்சிஸ் டிரேக் இங்கே உக்காந்துதான் ஸ்பெயின்காரன் கப்பலை நோட்டம் விட்டாராம். அப்புறம் ஊருக்கு மேல ஒரு கல் கோபுரத்தைக் காட்டி, பிளாக்பியர்ட்ங்கிற கொள்ளைக்காரன் குடியிருந்த கோட்டைன்னார். வண்டியில எல்லாரும் 'ஆஆ'ன்னாங்க. அந்தக் கோபுரம் டென்மார்க்காரங்க 1679ல கட்டின காவல் கோபுரம். ஸ்கிட்ஸ்போர்க்னு பேரு. பிளாக்பியர்ட் அங்கே தங்கினதுக்கு ஒரு ஆதாரமும் கிடையாது. ஆனாலும் கொள்ளைக்காரன் கதைதான் வண்டியில எடுபடுது, என்ன பண்றது!

டென்மார்க்னு சொன்னேன் இல்லையா, அங்கேதான் விஷயமே இருக்கு.

1671ல கோபன்ஹேகன்ல மேற்கிந்தியக் கம்பெனி தொடங்கி, 1672ல டென்மார்க்காரங்க இந்தத் தீவுல நிலையா குடியேறினாங்க. துறைமுகத்துல செக்கச்செவேல்னு ஒரு கோட்டை கட்டினாங்க. ராஜா ஐந்தாம் கிறிஸ்டியன் பேர்ல கிறிஸ்டியன் கோட்டை. அதைச் சுத்தி வளர்ந்த ஊருக்கு முதல்ல என்ன பேரு தெரியுமா? டாப்ஹூஸ். பச்சையா சொன்னா 'சாராயக்கடை'. 1691ல அந்தப் பேரை மாத்தி ராணி சார்லட் அமாலி பேரை வச்சாங்க. நாங்க ஷாப்பிங் பண்ணின மெயின் ஸ்ட்ரீட்டோட நிஜப் பேரு டிரோனிங்கன்ஸ் காட, அதாவது ராணி தெரு. பக்கத்து மேட்டுல கோங்கன்ஸ் காட, ராஜா தெரு.

இதைப் படிச்சதும் தஞ்சாவூர், நாகப்பட்டினம் பக்கத்து ஆளுங்க நிமிர்ந்து உக்காந்திருப்பீங்க. ஆமாங்க, தரங்கம்பாடி! 1620ல தஞ்சாவூர் ரகுநாத நாயக்கர்கிட்ட ஒப்பந்தம் போட்டு டென்மார்க்காரங்க டான்ஸ்போர்க் கோட்டை கட்டின அதே தரங்கம்பாடி. அங்கேயும் கிங் ஸ்ட்ரீட், குயின் ஸ்ட்ரீட் இன்னிக்கும் இருக்கு. அங்கேயும் கடலைப் பார்த்த கோட்டை. ஸ்கூல்ல படிக்கிறப்போ எங்களை பஸ்ல கூட்டிட்டுப் போய் காட்டினாங்க. உலகத்துக்கு இந்தக் கோடியில ஒண்ணு, அந்தக் கோடியில ஒண்ணு, ஆண்டது ஒரே கொடி.

தெருப் பேரு ஒண்ணா இருக்குன்னு ஆச்சரியப்பட்டுட்டு விட்டுடலாம். ஆனா ரெண்டு ஊருக்கும் இருந்த உறவு பேரோட முடியலை. சரக்கால கட்டின உறவு அது.

எப்படின்னு சொல்றேன். சோழமண்டலக் கரையில நெசவாளிங்க நெய்த பருத்தித் துணி தரங்கம்பாடியில கப்பல் ஏறும். நேரா கோபன்ஹேகன் போகும். அங்கே ஏலம் விடுவாங்க. ஏலத்துல போன துணியில ஒரு பகுதி ஐரோப்பாவுக்குள்ளேயே வித்துடும். இன்னொரு பகுதி மறுபடி கப்பல் ஏறி மேற்கு ஆப்பிரிக்காவுக்குப் போகும். இன்னிக்கு கானா இருக்கிற கரையில டென்மார்க்காரங்களுக்கு கிறிஸ்டியன்ஸ்போர்க்னு ஒரு கோட்டை இருந்தது. அங்கே துணி, துப்பாக்கி, மருந்து, சாராயம், சோழி எல்லாம் குடுத்து மனுஷங்களை வாங்குவாங்க. நம்ம பக்கத்துத் துணிக்கு அங்கே நல்ல கிராக்கி. ஐரோப்பாக்காரன் நெய்ததை விட சாயம் நிக்கும்னு விரும்பி வாங்குவாங்க. வாங்கின மனுஷங்களை ஏத்திக்கிட்டு கப்பல் செயின்ட் தாமஸ் வரும். திரும்பிப் போகிறப்போ சர்க்கரை. இப்படி டென்மார்க் கப்பல்கள் அட்லாண்டிக் தாண்டிக் கொண்டு போனது ஒரு லட்சம் பேருக்கும் மேல.

தறியில உக்காந்து நெய்தவனுக்கு அந்தத் துணி எங்கே போகுது, எதுக்கு ஈடா போகுதுன்னு தெரிய வழியே இல்லை. அவனைக் குத்தம் சொல்லவும் நான் வரலை. ஆனா அடிமை வியாபாரம்னா ஏதோ வெள்ளைக்காரனுக்கும் ஆப்பிரிக்காக்காரனுக்கும் நடுவுல நடந்த விவகாரம், நமக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லைன்னு நினைச்சுக்கிட்டிருக்கோமே, அது அவ்வளவு சரியில்லை. நம்ம ஊர்த் துணியும் அந்தத் தராசுல ஏறியிருக்கு.

இப்போ ஷாப்பிங் தெருவுக்கு வருவோம். ராணி தெருவுல இருக்கிற கடைங்க எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். தெருவுல ஒரு வாசல், உள்ளே குகை மாதிரி நீளமா போய் கடற்கரைப் பக்கம் இன்னொரு வாசல். முழங்கை நீளத்துக்கு கனமான கல் சுவர், வளைவு வளைவா நுழைவு, இரும்புக் கதவு. வெளியே வெயில் கொளுத்தினாலும் உள்ளே ஜில்லுனு இருக்கும். இதெல்லாம் பழைய சரக்குக் கிடங்குகள். ஐரோப்பாவுல ராஜாக்கள் ஒருத்தரோட ஒருத்தர் சண்டை போட்டுக்கிட்டிருந்தப்போ டென்மார்க் பெரும்பாலும் ஒதுங்கியே நின்னது. அதனால எல்லா நாட்டுக் கப்பலும் இங்கே வந்து சரக்கு மாத்திக்கும். 1764ல இதைச் சுங்கச் சலுகை உள்ள துறைமுகமாவே அறிவிச்சாங்க. இன்னிக்கு அமெரிக்காவுல குடியிருக்கிறவங்க இங்கே 1,600 டாலர் வரைக்கும் வரி கட்டாம வாங்கிட்டுப் போகலாம்னு பலகை தொங்குது பாருங்க, அந்தப் பழக்கத்துக்கு வயசு 250 வருஷத்துக்கும் மேல! 19ஆம் நூற்றாண்டு ஆரம்பத்துல அடுத்தடுத்து தீ பிடிச்சு ஊர் எரிஞ்சதால, அதுக்கப்புறம் கட்டினதை எல்லாம் கல்லும் செங்கல்லுமா, இரும்புக் கதவோட கட்டினாங்க. கப்பல் ஆடாம இருக்க அடியில போட்டுக்கிட்டு வந்த செங்கல்லும் இந்தச் சுவருங்கள்ல இருக்கு.

இதே தெருவுல ஒரு வீட்டுலதான் 1830ல கமீய் பிஸ்ஸாரோ பிறந்தார். பின்னாடி பாரிஸ் போய் உலகம் கொண்டாடுற ஓவியரா ஆனாரே, அவரேதான். கடைக்காரக் குடும்பத்துப் பிள்ளை. இப்போ கடைங்கள்ல நிறைய சிந்திக்காரங்க இருக்காங்க. தங்கமணி ஒரு வளையலுக்கு ஹிந்தியில பேரம் பேசினது தனிக் கதை. குறைஞ்சது பத்து டாலர், பேசினது முக்கால் மணி நேரம்.

பேரம் நடக்கிறப்போ நான் டிரைவர்கிட்ட பேசிக்கிட்டிருந்தேன். "கொள்ளைக்காரன் கதை நல்லா சொன்னீங்க, அடிமைச் சந்தை எங்கே இருந்தது?"ன்னு கேட்டேன். ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தார். கையை நீட்டி தெருவோட மேற்குக் கோடியைக் காட்டினார். இப்போ காய்கறி விக்கிற மார்க்கெட் ஸ்கொயர்தான் அது. "கப்பல் ஆளுங்களுக்கு நாலு மணி நேரம்தான் சார். லீவுல வந்திருக்காங்க. யாரும் கேக்க மாட்டாங்க, நானும் சொல்றதில்லை. கேட்டா சொல்வேன்"னார். அப்புறம் அவரே சொன்னதுதான் அடுத்து வர்றது.

பக்கத்துல தெரியற செயின்ட் ஜான் தீவுல 1733 நவம்பர்ல அடிமைகள் கிளர்ந்து எழுந்து கோட்டையைப் பிடிச்சாங்க. பெரும்பாலும் அக்வாமு இனத்துக்காரங்க. பல மாசம் தீவு அவங்க கையிலதான். கடைசியில மார்த்தினீக்ல இருந்து பிரெஞ்சுப் படை வந்துதான் 1734ல அடக்க முடிஞ்சது. கப்பல்ல அடிமை ஏத்துறதை டென்மார்க் 1792ல சட்டம் போட்டு, 1803ல இருந்து நிறுத்தினது. ஆனா ஏற்கனவே அடிமையா இருக்கிறவங்க அடிமையாவேதான் இருந்தாங்க. 1848 ஜூலை 3ஆம் தேதி செயின்ட் க்ரோய் தீவுல ஆயிரக்கணக்கான பேர் கோட்டை வாசல்ல திரண்டு வந்து விடுதலை குடுன்னு நின்னாங்க. கவர்னர் பீட்டர் ஃபான் ஷோல்டன் அங்கேயே அறிவிச்சுட்டார். ராஜா கருணையால வந்ததில்லை, கேட்டு வாங்கினது. இன்னிக்கும் ஜூலை 3 அங்கே பொது விடுமுறை. கோட்டைக்குப் பக்கத்துல இருக்கிற விடுதலைப் பூங்காவுல சங்கு ஊதுற ஒரு ஆள் சிலை இருக்கு. பக்கத்துலேயே டென்மார்க் ராஜாவோட மார்பளவுச் சிலையும் இருந்தது!

நீராவிக் கப்பல் வந்ததுக்கப்புறம் இந்த ஊர் கரி நிரப்புற ஊரா ஆச்சு. கூடையில கரியைத் தலையில சுமந்து பலகை மேல ஏறிப் போய் கப்பல்ல கொட்டினது பெண்கள்தான். கூடைக்கு இவ்வளவுன்னு கூலி. 1892ல கூலிப் பிரச்சினையில அவங்க வேலைநிறுத்தம் பண்ணினப்போ முன்னாடி நின்னவங்களை 'ராணி கொஸையா'ன்னு ஊர் இன்னமும் சொல்லுது. ராணி தெருன்னா அந்த ராணியையும் சேர்த்துதான் நினைச்சுக்கணும்னு எனக்குத் தோணிச்சு.

இன்னொரு விஷயம். 1706ல சீகன்பால்க் தரங்கம்பாடிக்கு வந்தது நமக்குத் தெரியும். புதிய ஏற்பாட்டைத் தமிழ்ல அச்சடிச்சது 1715 வாக்குல. இதே மாதிரி 1732ல மொரேவியன் சபைக்காரங்க ரெண்டு பேர், ஒரு குயவர், ஒரு தச்சர், செயின்ட் தாமஸ் போனாங்க. அங்கே அடிமைங்க பேசின டச்சு கலந்த கிரியோல் மொழியில புதிய ஏற்பாடு 1781ல கோபன்ஹேகன்ல அச்சாச்சு. ஆனா தமிழுக்கு அதுக்கு முன்னாடியே எத்தனையோ நூற்றாண்டா நூல் இருந்தது, நிலம் இருந்தது, பேச ஆள் இருந்தாங்க. அந்த மொழிக்கு அச்சுப் புத்தகம் இருந்தும் பிழைக்க முடியலை. அதைப் பேசின கடைசிப் பெண்மணி 1987ல காலமாயிட்டாங்க.

டென்மார்க் வித்துட்டுப் போன கணக்கையும் சொல்லிடறேன். தரங்கம்பாடியையும் வங்காளத்துல இருந்த செராம்பூரையும் 1845ல பிரிட்டிஷ் கம்பெனிக்கு 12.5 லட்சம் ரூபாய்க்கு வித்தாங்க. ஆப்பிரிக்கக் கோட்டைங்களை 1850ல. செயின்ட் தாமஸ், செயின்ட் ஜான் ரெண்டையும் 75 லட்சம் டாலருக்கு அமெரிக்காவுக்கு விக்க 1867 அக்டோபர்ல ஒப்பந்தம் போட்டாங்க. அடுத்த மாசமே, நவம்பர் 18, பூகம்பம் வந்து சுனாமி ஊருக்குள்ள புகுந்தது. (2004 தரங்கம்பாடி ஞாபகம் வருது இல்லையா?) அமெரிக்க செனட் அந்த ஒப்பந்தத்தைக் கடைசி வரைக்கும் ஒத்துக்கவே இல்லை. அப்புறம் முதல் உலகப் போர் நடுவுல, ஜெர்மனி பிடிச்சுடப் போகுதுங்கிற பயத்துல, மூணு தீவும் சேர்த்து இரண்டரைக் கோடி டாலர் தங்கத்துக்கு முடிஞ்சது. கொடி மாறினது 1917 மார்ச் 31.

விக்கலாமா வேண்டாமான்னு டென்மார்க் மக்கள்கிட்ட 1916ல வாக்கெடுப்பு நடந்தது. தீவுல இருந்தவங்களுக்கு அதுல ஓட்டு இல்லை. தரங்கம்பாடி ஜனங்களை 1845ல யாரும் கேக்கலைங்கிறதைச் சொல்லவே வேண்டாம். தீவுக்காரங்கள்ல பெரும்பாலானவங்களுக்கு அமெரிக்கக் குடியுரிமை வந்ததே 1927லதான். ஜனாதிபதி தேர்தல்ல அங்கேயிருந்து ஓட்டுப் போடும் உரிமை இன்னிக்கு வரைக்கும் கிடையாது.

போறவங்களுக்கு என் சிபாரிசு இதுதான். மலை மேல போங்க, ஃபோட்டோ எடுங்க, அதுல தப்பே இல்லை. ஷாப்பிங்குக்கு ரெண்டு மணி நேரம் குடுத்தா அதுல அரை மணி நேரத்தைக் களவாடி கிறிஸ்டியன் கோட்டைக்கும் விடுதலைப் பூங்காவுக்கும் போயிட்டு வாங்க, ரெண்டும் பக்கம் பக்கம்தான். முடிஞ்சா மெயின் ஸ்ட்ரீட் முழுக்க நடந்து மார்க்கெட் ஸ்கொயர்ல ஒரு மாம்பழமாவது வாங்குங்க. கடைக்குள்ள போனா கண்ணாடிப் பெட்டியை மட்டும் பார்க்காம சுவரையும் தொட்டுப் பாருங்க. டிரைவர்கிட்ட மறக்காம ஒரு கேள்வி கேளுங்க. அவர் கொள்ளைக்காரனைத் தவிரவும் நிறைய வச்சிருக்கார்.

தங்கமணி வாங்கின வளையல் நல்லாத்தான் இருக்கு.